ரிஜெக்‌ஷன் பயம்: மாத்திரையைக் கூட்டுவதா, ஊசியா, பிளாஸ்மாவா, லைட் ட்ரீட்மென்டா?

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். அவள் அப்பாவுக்கு இதய மாற்று நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ரிஜெக்‌ஷன் என்றால் மாற்றி வைத்த உறுப்பை உடம்பே எதிர்த்துத் தாக்குவது. இந்த இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை ரிஜெக்‌ஷன், மூன்று முறையும் ஸ்டீராய்டு, இப்போது சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது, போதாததற்கு நுரையீரலில் காசநோய் வேறு. "அண்ணாச்சி, லைட் ட்ரீட்மென்ட்னு ஒண்ணு இருக்காம்லா, ரத்தத்தை வெளிய எடுத்து வெளிச்சம் காட்டி திரும்ப உள்ள விடுதாவளாம். அதுக்குப் போவமா, இல்ல மாத்திரையவே கூட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அதே வாரம் மேலப்பாளையத்துத் தம்பி ஒருவன். சிறுநீரகம் மாற்றி நாலு வருடம், கிரியேட்டினின் (சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறுகிறது, யாரோ சொல்லி அவனும் அதே லைட்டைத்தான் பிடித்துக்கொண்டு வந்தான். அதற்காக அரை ஏக்கர் வயலை விற்பது வரைக்கும் வீட்டில் பேச்சு போயிருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. என் மனைவிக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்து பதினோரு வருடம் ஆகிறது. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் மதுரை, சென்னை ஓ.பி. வரிசைகளிலும் உட்கார்ந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முடிவெடுக்க வேண்டியது உங்கள் மாற்று சிகிச்சை டாக்டரோடு உட்கார்ந்துதான். ஆனால் அவர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிஷம் வீணாகாது.

## எதை வைத்து எடை போடுவது

ரிஜெக்‌ஷன் என்பது ஒரே சொல், உள்ளே நடப்பது இரண்டு விதம். வெள்ளை அணுக்களில் டி செல் என்ற வகை நேராக உறுப்புக்குள் புகுந்து தாக்குவது ஒன்று. உடம்பு ஆன்டிபாடி தயாரித்து அனுப்பி, உறுப்பின் ரத்தக்குழாய்ச் சுவரைச் சிதைப்பது இன்னொன்று. சில பேருக்கு இரண்டும் கலந்தே வரும். எது என்பதை, உறுப்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும், கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் டி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் சொல்லும். இந்த இரண்டு காகிதமும் கையில் இல்லாமல் எந்த வழி நல்லது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை, இதை நான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

அடுத்து, எந்த உறுப்பு. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கைகொடுத்த ஒன்று சிறுநீரகத்துக்கும் அதே அளவு கொடுக்கும் என்று நினைக்கக் கூடாது. அப்புறம் அவசரம்: நாள் கணக்கில் உறுப்பு போய்விடுமா, மாதக் கணக்கில் மெல்லத் தேய்கிறதா. நாலாவது, உடம்பின் எதிர்ப்பு சக்தியை இன்னும் இறக்குவதற்கு இடம் இருக்கிறதா, காசநோய், சி.எம்.வி. வைரஸ், புற்றுநோய் ஏதாவது இருந்தால் அந்த இடம் இல்லை. கடைசியாக நம் ஊர் விஷயம். தூரம், கூட வர ஆள், ஊசி குத்த நல்ல நரம்பு, கையில் உள்ள காசு. ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டில் இதில் பாதி வராது.

முதலில் அட்டவணையாகப் பார்த்துவிடுங்கள், விவரம் கீழே.

| வழி | எதற்கு | வேகம் | தொற்று ஆபத்து | எஸ்டிமேட்டில் வராத செலவு |
|---|---|---|---|---|
| மருந்து அளவைச் சரிசெய்தல், ஸ்டீராய்டு | டி செல் தாக்குதல், முதல் முயற்சி | சில நாட்கள் | மிதம், திரும்பத் திரும்பக் கொடுத்தால் கூடும் | சர்க்கரை, எலும்பு, கண்புரை |
| ஏ.டி.ஜி. ஊசி | ஸ்டீராய்டுக்கு அடங்காத டி செல் தாக்குதல் | சில நாட்கள் | மிக அதிகம் | வைரஸ் தடுப்பு மாத்திரை, மாதக்கணக்கில் காவல் |
| பிளாஸ்மா மாற்று, ஐ.வி.ஐ.ஜி. | ஆன்டிபாடித் தாக்குதல் | ஒன்றிரண்டு வாரம் | அதிகம் | கழுத்துக் குழாய், ஆன்டிபாடி திரும்பி ஏறுதல் |
| லைட் ட்ரீட்மென்ட் | இதயம், நுரையீரலில் அடங்காத அல்லது திரும்பத் திரும்ப வரும் ரிஜெக்‌ஷன் | வாரங்கள், மாதங்கள் | கூடுவதில்லை | பயணம், தங்கல், நரம்பு, வெயில் |

## மருந்து அளவைச் சரிசெய்வது, ஸ்டீராய்டு

இதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. நான் இதைத்தான் முதலில் வைப்பேன், அதற்குக் காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

ஏழாவது வருடத்தில் என் மனைவியின் கிரியேட்டினின் 1.1-லிருந்து 1.9-க்குப் போனது. கொடுத்த சிறுநீரகம் போய்விட்டது என்றே நினைத்து, இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால், வழக்கமாக வாங்கும் டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை) மருந்துக் கடையில் இல்லை என்று வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள், "எல்லாம் ஒரே மருந்துதான்" என்று சொல்லி. நாங்களும் லெவல் பார்க்காமல் இரண்டு மாதம் விழுங்க வைத்துவிட்டோம். ரத்தத்தில் மருந்தின் அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு, பழைய கம்பெனி மருந்துக்கே திரும்பி, 1.3-ல் வந்து நின்றது. 1.1-க்கு அது திரும்பவே இல்லை. கம்பெனி மாற்றுவது தப்பில்லை, மாற்றினால் டாக்டரிடம் சொல்லி லெவல் பார்த்தாக வேண்டும். அந்தப் பரிசோதனைக்குக் காலை மாத்திரையைப் போடாமல், முந்தின டோஸ் முடிந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் வரும் எண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

லெவலைக் குலைக்கும் விஷயங்கள் நம்மைச் சுற்றி நிறைய. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடும். பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பம்ப்ளிமாஸ் பழமும் மேலே தூக்கிவிடும். வயிற்றுப்போக்கு வந்தாலும் லெவல் ஏறலாம். எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று சீந்தில் கொடியை இடித்துக் கொடுக்கும் உறவுக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அன்பால் செய்கிறார்கள், ஆனால் நாம் காசு கொடுத்து அடக்கி வைத்திருக்கும் எதிர்ப்பு சக்தியைத்தான் அது எழுப்பப் பார்க்கிறது. நிலவேம்புக் கசாயமும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

ஸ்டீராய்டு மலிவு, எங்கேயும் கிடைக்கும், முதல்முறை வரும் டி செல் ரிஜெக்‌ஷன் பெரும்பாலும் இதற்கே அடங்கும். முதல் தடவை என்றால் வேறெங்கும் ஓட வேண்டாம். இரண்டு, மூன்று தடவை ஆகிவிட்டால் அது உடம்பில் வாங்குகிற வட்டி ஏறிக்கொண்டே போகும்.

## ஏ.டி.ஜி. ஊசி

முயலிடமிருந்து எடுக்கும் ஆன்டிபாடி இது. டி செல்களைக் கூட்டமாக அழித்துவிடும். ஸ்டீராய்டுக்கு அடங்காத, கைமீறிப் போகிற ரிஜெக்‌ஷனில் உறுப்பைக் காப்பாற்ற இதைவிட வேகமான வழி குறைவு. முதல் ஊசிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம், அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் போடுவார்கள்.

மருந்தின் விலை அதிகம்தான். ஆனால் இதன் பெரிய செலவு அதற்குப் பிறகு வருவது. டி செல் இல்லாத மாதங்களில் சி.எம்.வி. எழும்பலாம், அதற்கு வால்கான்சிக்ளோவிர் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காசநோய் விழிக்கலாம். பல வருடம் கழித்து லிம்ஃபோமா வகைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நாள் கணக்கில் உறுப்பு போய்விடும் என்ற நிலையில் இதைப் பற்றி ரொம்ப யோசிக்க நேரம் இருக்காது, போட்டுத்தான் ஆக வேண்டும். மெல்லத் தேய்கிற உறுப்புக்கும், காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கும் இதை எடுப்பதற்கு முன் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

## பிளாஸ்மா மாற்று

இதையும் லைட்டையும் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டிலும் ரத்தம் மெஷினுக்குப் போய் வருவதால். பிளாஸ்மா மாற்றில் ரத்தத்தின் மஞ்சள் நிறத் திரவத்தைப் பிரித்துக் கொட்டிவிட்டு, பதிலுக்கு ஆல்புமின் ஏற்றுவார்கள். ஆன்டிபாடி அந்தத் திரவத்தில்தான் மிதக்கிறது, அதோடு போய்விடும். பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து ஆறு தடவை. கூடவே ஐ.வி.ஐ.ஜி. (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து சேர்த்தெடுத்த ஆன்டிபாடியை நரம்பில் ஏற்றுவது), சில பேருக்கு பி செல் என்ற வெள்ளை அணுக்களைக் குறைக்கும் ரிடுக்ஸிமாப் ஊசி.

ஆன்டிபாடி ரிஜெக்‌ஷன், அதுவும் திடீரென்று வந்தது என்றால் இதுதான் வழி, லைட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் செய்வார்கள், எனவே தூரமும் குறைவு. ஐ.வி.ஐ.ஜி. உடம்பு எடைக்குத் தக்க அளவு, எடை கூடினால் பில்லும் கூடும். திரவத்தைக் கொட்டினாலும் ஆன்டிபாடி செய்யும் தொழிற்சாலை உடம்பில் அப்படியே இருக்கிறது, அதனால் திரும்ப ஏறலாம். வருடக்கணக்கில் மெல்ல நடக்கும் நாள்பட்ட ஆன்டிபாடி ரிஜெக்‌ஷனுக்கு இதுவும் சரி, வேறு எதுவும் சரி, உறுதியாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இதை முகத்துக்கு நேரே சொல்லாமல் ஆறு தடவை, எட்டு தடவை என்று எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## லைட் ட்ரீட்மென்ட்

டாக்டர்கள் இ.சி.பி. என்பார்கள், ஃபோட்டோஃபெரிசிஸ் என்றும் சொல்வார்கள். ரத்தத்தை எடுத்து, சுழற்றி, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிரித்த வெள்ளை அணுவில் மெத்தாக்ஸாலன் என்ற மருந்தைக் கலந்து, புற ஊதாக் கதிரில் ஏ வகை வெளிச்சத்தைக் காட்டி, அதையும் உடம்புக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வழக்கமாக அடுத்தடுத்த இரண்டு நாள் சேர்ந்து ஒரு சுற்று.

நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி என்று ஒரு விதை கிடைக்கும், வெண்புள்ளிக்குப் பூசி வெயில் காட்டச் சொல்வார்கள். அதில் இருக்கும் சோராலென் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்த மருந்தும். வெளிச்சம் படும் வரை சும்மா கிடக்கும். பட்டதும் அணுவின் டி.என்.ஏ. இழைகள் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடும். அந்த அணு உடனே சாகாமல் ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கிச் சாகும். (கார்போகரிசியை அரைத்துக் குடித்தால் இதே பலன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லீரல் கெடும், வெயில் பட்டால் தோல் வெந்து போகும்.)

ஒரு தடவையில் உடம்பிலுள்ள லிம்ஃபோசைட்டுகளில் (டி செல்லும் சேர்ந்த வெள்ளை அணு வகை) பத்தில் ஒரு பங்கு மாதிரிதான் இந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. அப்படியென்றால் மீதி எப்படி அடங்குகிறது? அமைதியாகச் செத்துக்கொண்டிருக்கும் அந்த அணுக்களை விழுங்குகிற காவல் செல்கள், சண்டை வேண்டாம் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன, சண்டையை அடக்குகிற டி செல் வகை பெருகுகிறது என்பதுதான் இப்போதுள்ள விளக்கம். எதிர்ப்பு சக்தியை மொத்தமாக நசுக்காமல் உறுப்பின் மேல் உள்ள கோபத்தை மட்டும் தணிக்கப் பார்க்கிறது. அதனால்தான் தொற்று ஆபத்து கூடுவதில்லை. மற்ற மூன்று வழிக்கும் இல்லாத பெரிய குணம் இது.

இது நேற்று வந்தது இல்லை. 1987-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து எடெல்சன் குழுவினர் தோலில் வரும் டி செல் புற்றுநோய்க்கு இது உதவுவதை வெளியிட்டார்கள், மறு வருடமே அங்கே அனுமதி கிடைத்தது. 1998-ல் இதய மாற்று செய்துகொண்ட 60 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு வந்தது. ஒரு பகுதிக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் வழக்கமான மூன்று மருந்து மட்டும், இன்னொரு பகுதிக்கு அதோடு ஆறு மாதத்தில் 24 தடவை லைட். ஆளுக்குச் சராசரி ரிஜெக்‌ஷன் 1.44-லிருந்து 0.91-ஆகக் குறைந்தது, தொற்று கூடவில்லை. ஆனால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மனதில் வையுங்கள். எல்லோருமே மூன்று மருந்தும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும். லைட் எடுக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்தினால் உறுப்பு போய்விடும்.

நுரையீரலில் பயன் வேறு மாதிரி. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் எஃப்.இ.வி.1 எண் (முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) தன் நல்ல நிலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கி அப்படியே நின்றால் நாள்பட்ட ரிஜெக்‌ஷன் என்று சந்தேகிப்பார்கள். அங்கே லைட் அந்தச் சரிவை மெதுவாக்கலாம், சிலருக்கு நிறுத்தலாம், போன மூச்சைத் திருப்பித் தராது. எனவே நுரையீரல் மாற்றியவர்கள் வீட்டில் இதைப் பற்றிச் சீக்கிரமே கேட்டுவிட வேண்டும், கடைசியில் கேட்டுப் பயனில்லை. சிறுநீரகத்துக்குச் சின்னச் சின்ன அனுபவங்கள்தான் வந்திருக்கின்றன, வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை.

செலவுக்கு வருவோம். நம் நாட்டில் இதைச் செய்யும் இடங்கள் குறைவு, பெருநகரங்களில், அதிகமும் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கும் ஆஸ்பத்திரிகளில். அந்த 24 தடவையையே எடுத்துக்கொண்டால் 12 சுற்று. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போய்வர சுமார் 1,300 கிலோமீட்டர், 12 சுற்றுக்கு 15,600 கிலோமீட்டர். நோயாளியோடு துணைக்கு ஒருவர், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நாள் தங்கல், அந்தத் துணையின் நாலு நாள் கூலி. முதல் மாதத்தில் சுற்றுகள் நெருக்கமாக வந்தால் அங்கேயே வீடு பிடிக்க வேண்டியிருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று அறுவைக்கு இடம் உண்டு. லைட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு டிக்கெட் போடுங்கள்.

நரம்பு இன்னொரு கவலை. தடித்த ஊசி, மாதக்கணக்கில். நரம்பு சரியில்லாவிட்டால் குழாய் வைப்பார்கள், குழாய் என்றால் அதில் தொற்று வரும் பயம். வெளிச்சத்துக்குக் கூசும் லூபஸ், போர்ஃபிரியா போன்ற நோய் உள்ளவர்களுக்கும், கண் லென்ஸை எடுத்துவிட்டு மாற்று வைக்காதவர்களுக்கும் இது ஆகாது. ஹீமோகுளோபினும் தட்டணுவும் ரொம்பக் குறைவாக இருந்தாலும் செய்ய மாட்டார்கள். முந்தின நாள் கொழுப்புச் சாப்பாடு கூடாது, ரத்தம் பால் மாதிரி கலங்கினால் மெஷின் அணுக்களைச் சரியாகப் பிரிக்காது. கல்யாண வீட்டுச் சொதியும் நெய் அல்வாவும் அந்த வாரம் வேண்டாம்.

வெயிலை நம் ஊர்க்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். சிகிச்சை முடிந்து 24 மணி நேரம் வெயில் படக் கூடாது, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த ஏ வகைக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது, அதனால் பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவது வெயிலில் நிற்பது மாதிரிதான். இரண்டாம் நாள் முடித்துவிட்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் ஜங்ஷனில் இறங்கும்போது முழுக்கைச் சட்டை, தொப்பி, கண்ணாடியோடு இறங்குங்கள்.

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

மேலப்பாளையத்துத் தம்பி லோடு வண்டி ஓட்டுகிறவன். ராத்திரி சவாரி போகிற நாளில் மாத்திரை எப்போது போடுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வாரத்தில் இரண்டு தடவையாவது விட்டுப்போகிறது என்றான், சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, வயிற்றுப் பிழைப்பு அது. லெவல், டி.எஸ்.ஏ., பயாப்ஸி மூன்றையும் முடித்துக்கொண்டு, விட்டுப்போன மாத்திரைக் கதையையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். டி.எஸ்.ஏ. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அவனுக்கு முன்னால் இருக்கும் பேச்சு பிளாஸ்மாவும் மருந்து அளவும்தான். லைட்டுக்காக வயலை விற்காதே என்று அவன் அம்மாவிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது வண்டியில் ஒரு டப்பா, போனில் அலாரம்.

அம்பாசமுத்திரத்துப் பெண்ணிடம் மூன்றாவது ரிஜெக்‌ஷன் எப்போது வந்தது என்று கேட்டேன். காசநோய் மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம் என்றாள். அந்த மாத்திரையை உள்ளூரில் ஒரு இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள், சென்னை டாக்டருக்குச் சொல்லவில்லை. ரிஃபாம்பிசின் அதில் இருக்கிறது. அன்றைக்கே சீட்டைப் போட்டோ எடுத்து சென்னை டாக்டருக்கு அனுப்பச் சொன்னேன். அங்கே லெவல் பார்த்து, ரிஃபாம்பிசினுக்குப் பதில் லெவலை அவ்வளவு இறக்காத ரிஃபாபுட்டின் கொடுத்து, டாக்ரோலிமஸ் அளவையும் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு ரிஜெக்‌ஷன் காசநோய்க்கு முன்னாலேயே வந்தவை. இதயம், திரும்பத் திரும்ப டி செல் தாக்குதல், ஸ்டீராய்டு தாங்காத சர்க்கரை, ஏ.டி.ஜி. போட முடியாத காசநோய்: லைட் ட்ரீட்மென்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. டாக்டரும் அதையே சொல்லியிருக்கிறார். முதல் மாதம் பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில். கண்ணாடி வாங்கியாச்சா என்று நேற்று கேட்டேன். "வாங்கியாச்சு அண்ணாச்சி. அப்பா இப்பவே போட்டுக்கிட்டு முற்றத்துல நிக்காவ" என்றாள்.